ட்ரவுட்டும் ஓட்டானியும் இருந்தும் ஏஞ்சல்ஸ் ஏன் தேறவில்லை?

"மைக் ட்ரவுட், ஷோஹெய் ஓட்டானி இருவரும் 2018 முதல் 2023 வரை ஆறு சீசன் ஒரே அணியில் ஆடினார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் என்ற அந்த அமெரிக்க பேஸ்பால் அணி ஒருமுறைகூட பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்கான சுற்று) பக்கம் போகவில்லை. ஓனரின் கஞ்சத்தனம்தான் காரணமா? இனி இந்த அணியை எப்படித் தேற்றலாம்?" இதுதான் கேள்வி. பல வருடமாக இந்த அணியைப் பார்த்து வயிறெரிந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கஞ்சத்தனம் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவைத்துவிடலாம். ஓனர் ஆர்ட்டி மொரேனோ மேல் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் காசை இறுக்கிப் பிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆல்பர்ட் பூஹோல்ஸுக்கு 24 கோடி டாலர், ஜாஷ் ஹாமில்டனுக்கு 12.5 கோடி, ஆந்தனி ரெண்டோனுக்கு 24.5 கோடி, ட்ரவுட்டுக்கு 42.65 கோடி. நாலே பேருக்கு நூறு கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்த மனிதர் அவர். பல ஊர் ரசிகர்கள் தங்கள் ஓனர் இதில் கால்வாசி செலவழித்தால் போதும் என்று ஏங்குகிறார்கள். அப்படியும் அந்த ஆறு சீசனில் ஒன்றில்கூட ஏஞ்சல்ஸ் ஆடிய ஆட்டங்களில் பாதியை ஜெயிக்கவில்லை. அதே ஆறு வருடத்தில் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது மூன்று முறை இந்த அணிக்கு வந்தது: 2019இல் ட்ரவுட், 2021இலும் 2023இலும் ஓட்டானி. விருது வீட்டுக்கு வருகிறது, வெற்றி வாசலோடு திரும்பிப் போகிறது.

பேஸ்பாலை கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நிலைத்துவிட்டால் நாள் முழுக்க நின்று ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போகலாம். பேஸ்பாலில் உலகத்திலேயே பெரிய பேட்டராக இருந்தாலும் ஒன்பது பேர் வரிசையில் தன் முறை வரும்வரை டக்அவுட்டில் உட்கார வேண்டியதுதான். ஒரு ஆட்டத்தில் நாலு அல்லது ஐந்து முறை மட்டை பிடிப்பார், அவ்வளவுதான். ஒன்பதாவது இன்னிங்ஸில், கடைசி அவுட் மிச்சம் இருக்கும்போது, ஆட்டத்தின் தலையெழுத்து அணியின் ஏழாவது பேட்டர் கையில் இருக்கலாம். ட்ரவுட் அதை வேடிக்கைதான் பார்க்க முடியும். பந்து வீசும் பிட்சர் கதை இன்னும் மோசம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சரான ஸ்டார்ட்டர் ஒருவர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். ஓட்டானியோ தினமும் மட்டையும் பிடித்தவர் என்பதால் இன்னும் ஒரு நாள் கூடுதல் ஓய்வு வேண்டும். பிட்சிங்கில் அவருடைய மிகச் சிறந்த ஏஞ்சல்ஸ் சீசன் 2022. அந்த வருடம் 15 வெற்றி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 2.33. அப்போதும் அவர் ஸ்டார்ட் செய்தது 28 ஆட்டங்கள். மீதி 134 ஆட்டங்களில் பந்தை வேறு யாரோதான் கையில் எடுத்தார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் இந்தக் கதையே.

இன்னொன்றும் உண்டு. ஓட்டானிக்கு அந்தக் கூடுதல் ஓய்வு கொடுக்க ஏஞ்சல்ஸ் ஆறு ஸ்டார்ட்டர்களை வைத்துச் சுழற்றியது. மற்ற அணிகள் ஐந்து பேரைத் தேடவே திண்டாடும்போது, பிட்சிங் வளமே இல்லாத அணி ஆறாவது ஆளையும் தேடியது. கிடைத்த மாணிக்கத்தால் வந்த கூடுதல் பாரம் இது. அதற்குத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

இந்த அணிக்கு ஜெயிக்கத் தெரியாது என்றும் இல்லை. 2002இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை ஏழாவது ஆட்டம் வரை போய் வீழ்த்தி, மேஜர் லீக்கின் பட்டத்துக்கான உலகத் தொடரை வென்றார்கள். அந்த அணியின் பட்டியலைப் பாருங்கள். டிம் சாமன், காரெட் ஆண்டர்சன், டேரின் எர்ஸ்டாட், ட்ராய் க்ளாஸ் எல்லாரும் வீட்டிலேயே வளர்ந்தவர்கள். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) டேவிட் எக்ஸ்டைனை பாஸ்டன் வேண்டாம் என்று வேய்வரில் (எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடும் பட்டியல்) விட்டபோது சும்மா எடுத்துக்கொண்டார்கள். பிரெண்டன் டான்னலி வருடக்கணக்கில் மைனர் லீக்குகளில் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள பயிற்சி லீக்குகள்) சுற்றி, முப்பது வயதில் முதல் வாய்ப்பு பெற்ற ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பின் இறங்கும் பிட்சர்). பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் செப்டம்பரில் மேலே வந்த இருபது வயதுப் பையன். ஏழாவது ஆட்டத்தை ஸ்டார்ட் செய்து ஜெயித்தது ஜான் லாக்கி என்ற புதுமுகம். பேர் சொன்னால் நாடே தெரியும் என்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றுகூட இல்லை.

மொரேனோ 2003இல் டிஸ்னியிடமிருந்து வாங்கியது இந்த அணியைத்தான். வாங்கிய கையோடு ஸ்டேடியத்தில் பீர் விலையைக் குறைத்தார், ஊரே கொண்டாடியது. அடுத்து விளாடிமிர் கெரேரோவை 7 கோடி டாலருக்கு எடுத்தார். கெரேரோ வந்த முதல் வருடமே, 2004இல், எம்.வி.பி. ஆனார். 2004 முதல் 2009 வரை ஆறு வருடத்தில் ஐந்து முறை டிவிஷன் பட்டம், அதாவது தங்கள் பிரிவில் முதலிடம். என் கணிப்பில் கெடுதல் ஆரம்பித்தது இந்த வெற்றியில்தான். பெரிய பெயரை வாங்கினால் அணி ஜெயிக்கும் என்ற பாடம் ஓனர் மனதில் பதிந்துவிட்டது. கெரேரோ வந்து ஏறியது ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டின் மாடியில் என்பதை அவர் கவனிக்கவில்லை.

டிராஃப்ட் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் வருடாவருடம் தேர்ந்தெடுப்பது) கணக்கைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்து விதிப்படி, உங்கள் பெரிய ஆட்டக்காரரை இன்னொரு அணி ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில்) தூக்கிக்கொண்டு போனால், பதிலுக்கு அவர்களுடைய டிராஃப்ட் வாய்ப்பு ஒன்று உங்களுக்கு வரும். 2008 முடிவில் ஏஞ்சல்ஸ் இரண்டு பேரை இழந்தது. மார்க் டிஷேரா யாங்கீஸுக்குப் போனார். அந்த வருடம் 62 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடிப்பது) எடுத்துச் சாதனை படைத்த அதே ரோட்ரிகஸ் மெட்ஸுக்குப் போனார். ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம். அதற்கு ஈடாக 2009 டிராஃப்டில் 24ஆவது, 25ஆவது வாய்ப்புகள் கிடைத்தன. 24இல் ராண்டல் க்ரிச்சக்கை எடுத்தார்கள். 25இல் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன்: மைக் ட்ரவுட். ஒரு ஸ்டாரைப் போக விட்டதால் வந்தவர்தான் இந்த அணியின் வரலாற்றிலேயே பெரிய ஸ்டார்.

இதையே திருப்பிப் பாருங்கள். 2011 டிசம்பரில் பூஹோல்ஸை வாங்கினார்கள். விதிப்படி ஏஞ்சல்ஸின் முதல் சுற்று வாய்ப்பு, 19ஆவது இடம், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குப் போனது. அவர்கள் அதில் எடுத்தது மைக்கேல் வாக்கா. அடுத்த வருடமே, 2013இல், வாக்கா நேஷனல் லீக் இறுதிப் போட்டியின் எம்.வி.பி. ஆகி கார்டினல்ஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். பூஹோல்ஸ் ஏஞ்சல்ஸுக்காகப் பத்து சீசனில் 222 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், 600ஆவது ஹோம் ரன், 3000ஆவது ஹிட் எல்லாம் இந்த அணியில்தான். ஆனால் சராசரி .256, அதாவது ஆயிரம் முறைக்கு 256 ஹிட். செயின்ட் லூயிஸில் இருந்த மனிதர் வேறு, இங்கே வந்தவர் வேறு. பத்து வருட ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில், 2021 மே மாதம், அவரை விடுவித்துவிட்டார்கள்.

சரி, பூஹோல்ஸை யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த ஒன்றை நான் மன்னித்துவிடுவேன். அடுத்து செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. 2012 ஜூலையில் பிட்சர் தேவை என்று ஜாக் க்ரெய்ன்கியை மில்வாக்கியிடமிருந்து வாங்கினார்கள். அதற்கு ஜான் செகுராவையும் இரண்டு இளம் பிட்சர்களையும் கொடுத்தார்கள். சீசன் முடிந்ததும் க்ரெய்ன்கி டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். பிட்சர் போன இடத்தில் பிட்சரை வைக்க வேண்டும் அல்லவா? சில நாளில் ஹாமில்டனை, ஒரு அவுட்ஃபீல்டரை, 12.5 கோடிக்கு வாங்கினார்கள். 2014இல் ஏஞ்சல்ஸ் 98 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் போனது. ட்ரவுட் இதுவரை ஆடிய ஒரே பிளேஆஃப் அதுதான். கேன்சஸ் சிட்டி மூன்றே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. அந்தத் தொடரில் ஹாமில்டன் 13 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட் இல்லை.

இதிலிருந்து பாடம் படித்தார்களா என்றால், 2019 டிசம்பருக்கு வாருங்கள். அணியில் பிட்சிங் ஓட்டை என்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஏஞ்சல்ஸின் சொந்தப் பகுதியான ஆரஞ்ச் கவுண்டியிலேயே வளர்ந்த பிட்சர் கெரிட் கோல் ஃப்ரீ ஏஜென்டாக நிற்கிறார். யாங்கீஸ் 32.4 கோடி கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. அது தவறில்லை, யாங்கீஸோடு ஏலத்தில் தோற்பது சகஜம். ஆனால் கையில் இருந்த காசு சுட்டது போல, உடனேயே ரெண்டோன் என்ற மூன்றாம் பேஸ்மேனுக்கு 24.5 கோடி. வாஷிங்டனோடு அப்போதுதான் உலகத் தொடர் வென்று வந்தவர், அருமையான பேட்டர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 முதல் 2024 வரை ஐந்து சீசனில் அவர் ஆடியது 257 ஆட்டங்கள். 2025இல் இடுப்பு அறுவை சிகிச்சை, ஒரு ஆட்டமும் இல்லை. காயம் வரும் என்று யாரும் ஜோசியம் பார்க்க முடியாது, உண்மைதான். நான் குறை சொல்வது காயத்தை அல்ல. ஒரு கார் நிறுத்துகிற இடத்தில் எப்போதும் படகையே வாங்கி நிறுத்துகிற புத்தியை.

இந்தப் பெரிய சம்பளங்களுக்கு அடியில் என்ன இருந்தது? ரோஸ்டரில், அதாவது அணிப் பட்டியலில், 26 பேர். அதில் கடைசிப் பத்துப் பேர், அப்புறம் காயம் வந்தால் மைனர் லீக்கிலிருந்து வர வேண்டிய இன்னும் பத்துப் பேர். 162 ஆட்ட சீசனில் இந்த இருபது பேர்தான் உங்களைக் கரை சேர்ப்பார்கள் அல்லது கவிழ்ப்பார்கள். 2022 மே மாதம் ஏஞ்சல்ஸ் 27 வெற்றி, 17 தோல்வி என்று கம்பீரமாக இருந்தது. அங்கிருந்து தொடர்ச்சியாக 14 தோல்வி, கிளப் வரலாற்றிலேயே மோசம். ட்ரவுட் ஒரு கட்டத்தில் 26 முறை வரிசையாக ஹிட் இல்லாமல் போனார். மனிதன்தானே, எல்லாருக்கும் வரும். அவர் சறுக்கியபோது தாங்கிப் பிடிக்க வரிசையில் ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. பன்னிரண்டாவது தோல்வியோடு மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்) ஜோ மேடனை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகாகோ கப்ஸுக்கு 2016இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2002 ஏஞ்சல்ஸின் பெஞ்ச் கோச்சும் அவரே. அவராலும் ஆட்டக்காரர்களை வெறுங்கையிலிருந்து வரவழைக்க முடியாது. கடைசியில் ராசி மாறட்டும் என்று பேட்டர்கள் எல்லாரும் ஒரே இசைக்குழுவின் பாட்டை நுழைவுப் பாட்டாக வைத்துக்கொண்டு வந்த கூத்தும் நடந்தது. அந்த ஆட்டத்தில் 1-0 என்று தோற்றார்கள். மறுநாள் ஓட்டானி தானே பிட்ச் செய்து, தானே ஹோம் ரன் அடித்து, தோல்வி வரிசையை முடித்துவைத்தார். வேறு யார் செய்வார்கள்?

ஐம்பது கிலோமீட்டர் வடக்கே டாட்ஜர்ஸும் கோடிகோடியாகக் கொட்டுகிறார்களே என்று கேட்கலாம். கொட்டுகிறார்கள், ஆனால் அடித்தளம் போட்ட பிறகு கொட்டுகிறார்கள். மேக்ஸ் மன்சியை ஓக்லாந்து வேண்டாம் என்று விடுவித்த பிறகு மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2018இல் 35 ஹோம் ரன். ஜஸ்டின் டர்னரும் அப்படித்தான், மெட்ஸ் கழித்துவிட்டவர். கிறிஸ் டெய்லர் சியாட்டிலில் யாரும் கண்டுகொள்ளாத ஆள். இவர்களைக் கண்டெடுக்கவும், மட்டை வீச்சைத் திருத்தவும் ஒரு பட்டறையே அங்கே இருக்கிறது. அதன் மேல்தான் மூக்கி பெட்ஸும் ஃப்ரெடி ஃப்ரீமனும் அப்புறம் ஓட்டானியும் வந்து உட்கார்ந்தார்கள். ஓட்டானி போன முதல் இரண்டு வருடமும், 2024, 2025, டாட்ஜர்ஸ்தான் உலக சாம்பியன். எங்கள் நிலைமையைக் கேட்டால், ஓட்டானியும் ட்ரவுட்டும் சேர்ந்து நின்ற மிகப் பெரிய மேடை 2023 மார்ச்சில் மயாமியில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம். ஜப்பானுக்காக ஓட்டானி பந்து வீச, அமெரிக்காவுக்காக ட்ரவுட் மட்டை பிடிக்க, கடைசி அவுட் ஸ்ட்ரைக்அவுட். ஒரே கிளப்புக்கு ஆடுபவர்கள் எதிரெதிர் அணியில் இருந்தால்தான் இறுதி ஆட்டம் பார்க்க முடிந்தது.

இனி எல்லாரும் சண்டை போடுகிற விஷயத்துக்கு வருகிறேன்: ஓட்டானியை விற்றிருக்க வேண்டுமா? (சீசன் நடுவே ஆட்களைக் கைமாற்ற ஜூலைக் கடைசியை ஒட்டித்தான் கெடு.) 2023 ஜூலையில் விற்காததுதான் மகா தவறு என்பது பலரின் கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. விற்க வேண்டிய நேரம் அதற்கு ஒரு வருடம் முன்னால், 2022 ஜூலைக் கடைசி. அப்போது அணி ஏற்கெனவே மூழ்கியாகிவிட்டது. ஓட்டானிக்கு ஒப்பந்தக் கட்டுப்பாடு இன்னும் ஒரு சீசனுக்கு மேல் மிச்சம். அதே வாரம் வாஷிங்டன் ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்கு விற்று என்ன வாங்கியது தெரியுமா? சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், இன்னும் சிலர். ஒரு புது அணிக்கான எலும்புக்கூடே வந்து சேர்ந்தது. ஏஞ்சல்ஸ் அந்த வாரம் மற்றவர்களை விற்றது. ப்ரெண்டன் மார்ஷைக் கொடுத்து லோகன் ஓ'ஹாப்பி என்ற கேட்சரை வாங்கியது நியாயமான டிரேட் என்றே சொல்வேன். ஆனால் ஓட்டானியைத் தொடவில்லை.

2023 ஜூலை கதை வேறு. அணிக்கு பிளேஆஃப் எட்டும் தூரத்தில் இருந்தது, ஓட்டானி ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் இந்த உலகத்து ஆட்டமே இல்லை. ஜூலை 26 அன்று, விற்க மாட்டோம், வாங்குவோம் என்று முடிவு செய்து, சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் இரு பிட்சர்களையும் எடுத்தார்கள். மறுநாள் டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஓட்டானி ஒன்பது இன்னிங்ஸும் வீசி ஒரே ஒரு ஹிட் கொடுத்தார், எதிரணிக்கு ரன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன். அதைப் பார்த்துவிட்டு இவரை விற்றுவிடுங்கள் என்று சொல்லும் கல் மனது எனக்கு இல்லை.

ஆனால் வாங்கிய விதம்? ஜியோலிட்டோவுக்காக அணியின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவரான கேட்சர் எட்கர் கேரோவைக் கொடுத்தார்கள், கூடவே பிட்சர் கை புஷ்ஷையும். 2021 டிராஃப்டில் எடுத்த இருபது பேரும் பிட்சர்களே என்று ஏஞ்சல்ஸ் ஒரு விசித்திரம் செய்தது நினைவிருக்கலாம். அதில் இரண்டாம் சுற்று ஆள் இந்த புஷ். நான்கு நாள் கழித்து கொலராடோவிலிருந்து சி.ஜே. க்ரானும் ராண்டல் க்ரிச்சக்கும். இருவருமே ஏஞ்சல்ஸ் முன்பு முதல் சுற்றில் எடுத்து, கைமாற்றி விட்டவர்கள். ஆமாம், ட்ரவுட்டுக்கு ஒரு இடம் முன்னால் எடுத்த அதே க்ரிச்சக். கழித்துப் போட்டதை வேறு ஆட்களைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள்.

ஆகஸ்ட் 3, சியாட்டிலுக்கு எதிரான ஆட்டம். ஓட்டானி கையில் சதைப்பிடிப்போடு நாலு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசிவிட்டு இறங்கினார், ஆனால் மட்டை பிடிப்பதை விடவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன் 3-1 என்று முன்னிலையைப் பெருக்கியது. ஒன்பதாவதில் க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் பிட்சர்) கார்லோஸ் எஸ்டெவெஸ் மூன்று பேஸிலும் எதிரணி ஆட்களை ஏற விட்டார். கேட் மார்லோ என்ற புதுமுகம் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நாலு ரன்) அடித்தார். 5-3, ஆட்டம் போச்சு. அந்த மாதம் ஆரம்பத்தில் மட்டும் தொடர்ந்து ஏழு தோல்வி. ஆகஸ்ட் 23 அன்று ஓட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாதக் கடைசியில் ஜியோலிட்டோ, லோபஸ், க்ரிச்சக், ஹன்ட்டர் ரென்ஃப்ரோ, மேட் மூர் என்று வரிசையாக வேய்வரில் விட்டார்கள். லக்சரி டேக்ஸ் (மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய வரி) கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக. கேரோவைக் கொடுத்து வாங்கிய ஜியோலிட்டோ ஏஞ்சல்ஸுக்கு ஆறே ஆட்டம் வீசிவிட்டு கிளீவ்லாந்துக்குச் சும்மா போனார். கேரோ 2025 ஏப்ரலில் சிகாகோவுக்காக மேஜர் லீக்கில் இறங்கினார். 2023 டிசம்பரில் ஓட்டானி 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸ். ஏஞ்சல்ஸுக்கு ஈடாகக் கிடைத்தது ஒரு டிராஃப்ட் வாய்ப்பு. அடுத்த வருடம், 2024இல், 99 தோல்வி, கிளப் வரலாற்றில் அதுவே அதிகம்.

இதற்கெல்லாம் ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த ஜெனரல் மேனேஜர் பெர்ரி மினேசியன்தானே பொறுப்பு என்பார்கள். ஓரளவுக்குத்தான். அவருக்கு முன்னால் பில்லி எப்ளர், அவருக்கு முன்னால் ஜெரி டிபோட்டோ. டிபோட்டோ 2015 ஜூலையில் ராஜினாமா செய்தார். புள்ளிவிவரங்களைக் களத்தில் பயன்படுத்துவது பற்றி மேனேஜர் மைக் சோஷாவோடு நடந்த மோதல் அன்று ஊரறிந்த விஷயம். ஓனர் மேனேஜர் பக்கம் நின்றார். டிபோட்டோ சியாட்டில் போய், லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கெர்பி, ப்ரையன் வூ என்று டிராஃப்டிலேயே ஒரு பிட்சிங் வரிசையைக் கட்டினார். 2025இல் அந்த அணி உலகத் தொடருக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்ற இடம்வரை போனது. ஆள் அதேதான், மாறியது முதலாளி. மொரேனோ 2022 ஆகஸ்டில் அணியை விற்கலாமா என்று பார்ப்பதாக அறிவித்தபோது எங்களுக்குத் தீபாவளி. 2023 ஜனவரியில் விற்கவில்லை என்றார்.

சரி, இனி என்ன செய்யலாம்?

ட்ரவுட்டை விற்றுவிடு என்று ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கூட்டம் கிளம்பும். அது நடக்காத காரியம். ஒப்பந்தம் 2030 வரை, டிரேடுக்கு அவர் சம்மதம் வேண்டும், வயது முப்பத்து நாலு தாண்டிவிட்டது, காயங்களின் பட்டியல் நீளம். விற்றாலும் சம்பளத்தில் பெரும்பகுதியை நாமே கட்ட வேண்டியிருக்கும். 2025இல் 130 ஆட்டம் ஆடினார், 400ஆவது ஹோம் ரன்னும் அடித்தார். அவரைப் பெரும்பாலும் டி.எச். (களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) ஆக வைத்து முழங்காலைக் காப்பாற்றினால் போதும். அவர் நம் பிரச்சினையும் இல்லை, இனி தீர்வும் இல்லை.

ஷார்ட்ஸ்டாப் ஸாக் நெட்டோவை இப்போதே நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட வேண்டும். 2022 டிராஃப்டில் 13ஆவது இடத்தில் எடுத்தவர். 2024இல் 23 ஹோம் ரன், 30 ஸ்டீல் (பிட்சர் அசரும் நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). அட்லாண்டா 2019இல் ரொனால்ட் அக்கூன்யாவை எட்டு வருடம் 10 கோடிக்குப் பிடித்தது போல, சின்ன வயதில் பிடித்தால்தான் விலை கட்டுப்படியாகும். ஃப்ரீ ஏஜென்ட் ஆகிற சமயத்தில் ஓனரின் பழைய புத்தி திரும்பி வந்து மூன்று மடங்கு கொடுக்கும்.

டிராஃப்டில் எடுத்த பையன்களை அவசரமாக மேலே ஏற்றுவதை நிறுத்த வேண்டும். நோலன் ஷனுவெல்லை 2023 ஜூலையில் எடுத்து, ஆறு வாரத்துக்குள் மேஜர் லீக்கில் முதல் பேஸில் நிறுத்தினார்கள். ரயன் ஜான்சன் மைனர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல் 2025 தொடக்க அணிக்கே வந்தார். இதைத் துணிச்சல் என்று சிலர் மெச்சுகிறார்கள். எனக்கு அது வேறு ஆள் இல்லை என்ற ஒப்புதலாகத்தான் தெரிகிறது. ஒரு பிட்சர் தன் மூன்றாவது வகைப் பந்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் மைனர் லீக். மேலே வந்து கற்றுக்கொண்டால் பாடச் செலவு தோல்விக் கணக்கில் ஏறும்.

ஓனருக்குப் புரிகிற பாஷையில் ஒன்று: லக்சரி டேக்ஸ் கணக்கில் வருவது ஆட்டக்காரர்களின் சம்பளமும் சலுகைகளும்தான். கோச்சுகள், ஸ்கவுட்டுகள், பிட்சிங் ஆய்வுக்கூடம், மைனர் லீக் பையன்களின் சாப்பாடு, தங்கும் இடம், எதற்கும் டேக்ஸ் கிடையாது. ரெண்டோனின் 2025 சம்பளம் 3.8 கோடி டாலர். அந்த அளவு காசை இந்தப் பக்கம் திருப்பினால் ஆட்டக்காரர் வளர்ப்பில் முன்னணிக் கிளப்புகளோடு போட்டி போடலாம். இதில் பத்திரிகையாளர் சந்திப்பு இருக்காது, புது ஜெர்சி போட்டுக்கொண்டு ஃபோட்டோ இருக்காது. அதனால்தான் இது நடக்கவே மாட்டேன் என்கிறது.

புல்பென்னுக்கு, அதாவது ரிலீவர் கூட்டத்துக்கு, ஃப்ரீ ஏஜென்ட்களை வாங்கிக் குவிப்பதும் வேண்டாம். ரிலீவர்களின் ஆட்டம் வருடத்துக்கு வருடம் மாறும். அவர்களைத் தேட வேண்டிய இடம் வேய்வர் பட்டியலும் மைனர் லீக்குகளும், டான்னலியைக் கண்டெடுத்தது போல.

2025 நவம்பரில் நடந்த டிரேட் எனக்குப் பிடித்திருந்தது. டெய்லர் வார்டைக் கொடுத்து பால்டிமோரிலிருந்து கிரேசன் ரோட்ரிகஸை வாங்கினார்கள். வார்ட் அந்த சீசனில் 36 ஹோம் ரன் அடித்தவர், ஆனால் இன்னும் ஒரு வருடத்தில் ஃப்ரீ ஏஜென்ட். ரோட்ரிகஸ் காயத்தால் 2025 முழுவதும் ஆடவில்லை, கை தேறுமா என்பது பந்தயம்தான். தேறினால் நாலு வருடம் நம் கையில் இருக்கும் ஒரு முதல் தர ஸ்டார்ட்டர். ஹோம் ரன் அடிப்பவரைக் கொடுத்து பிட்சரை வாங்கியிருக்கிறார்கள், இந்தக் கிளப்பில் இது அபூர்வம். இந்தப் பந்தயம் தோற்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் அடுத்து பார்க்கப்போவது ஜூலைக் கடைசி வாரத்தை. 2025 ஜூலையிலும் பின்தங்கி இருந்துகொண்டே இரண்டு மூன்று சில்லறை ரிலீவர்களை வாங்கிவிட்டு 90 தோல்வியில் முடித்தார்கள். ஹோர்ஹே சோலரின் ஒப்பந்தம் 2026 முடிவில் முடிகிறது, யூசெய் கிகுச்சிக்கு 2027 வரை இருக்கிறது. அணி ஐந்து ஆட்டம் பின்தங்கியிருந்தால் இந்த இருவரையும் விற்று மைனர் லீக் பிட்சர்களை வாங்குகிறார்களா என்று பாருங்கள். விற்காமல் இன்னொரு க்ரிச்சக்கைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தால், அந்த வருடத்து ஆகஸ்ட் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம்.